வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்த ஊர்

"முதலாவதா, ரெண்டாவதா? ஒண்டச் சொல்லு சுல்பா. இண்டைக்கு முடிவெடுத்தே ஆகணும்" என்றார் ஸலாஹுதீன் மௌலவி.

அவருடைய மனைவி சுல்பா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "என்ன முதலாவது, என்ன ரெண்டாவது?"

"நேத்தே விளக்கமாச் சொன்னனே!"

"நீங்க சொல்லத் தொடங்கக்குள்ள நான் சோத்த அடுப்புல வெச்சன். சோறு அடிப்பிடிச்சது மட்டும்தான் நெனப்பிரிக்கி."

"சரி, சுருக்கமாச் சொல்றன்."

அவர் சொல்லி முடித்தபோது இறால் உரித்து, கழுவி, தேங்காய்ப்பால் ஊற்றி, கொதித்து, இறக்கியும் ஆகிவிட்டது. நாம் இன்னும் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

குளிர் நாடொன்றில், ஏரிக்கரையில், ஓர் இறையியல் கல்லூரி இருக்கிறது. முற்போக்கான கல்லூரி. கிறிஸ்தவர்கள் தொடங்கியது, இப்போது யாரும் படிக்கலாம், யாரும் படிப்பிக்கலாம். பேராசிரியர்களில் ஒருவர் யூதர், ஒருவர் பௌத்தர், ஒருவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அங்கே கலாநிதிப் பட்டத்துக்கு இரண்டு வழி. முதலாவது, ஐந்து வருடம் அங்கேயே குடும்பத்தோடு போய் இருந்து ஆய்வு செய்வது. விமானச் சீட்டிலிருந்து தடிமன் மாத்திரை வரைக்கும் கல்லூரியின் பொறுப்பு. ஆனால் வருடத்துக்கு ஒருவருக்குத்தான் அந்தப் புலமைப்பரிசில். இரண்டாவது, வீட்டிலிருந்தபடியே கணினியில் படிப்பது. செலவு நம்முடையது. பள்ளிவாசலில் கிடைக்கிற சம்பளத்துக்கு அந்த இரண்டாவது வழியின் வாசற்படியைக்கூட மௌலவியால் மிதிக்க முடியாது.

"அப்ப முதலாவதுதானே? இதுல யோசிக்க என்ன இரிக்கி?" என்றாள் சுல்பா.

"நெய்னார் ஹாஜியார் இரிக்கார்."

அது யோசிக்கவேண்டிய விஷயம்தான். நெய்னார் ஹாஜியார் பள்ளி நிர்வாகத் தலைவர். புலமைப்பரிசில் வேண்டுமென்றால் நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் சிலர் கணினித் திரையில் தோன்றி மௌலவியைப்பற்றி நாலு வார்த்தை சொல்லவும் வேண்டும். 'கிறிஸ்தவர்கள் தொடங்கிய கல்லூரி', 'பெண் பேராசிரியைகள்', 'முற்போக்கு' என்ற மூன்று சொல்லையும் ஹாஜியாரின் காதில் ஒரே நாளில் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்த மௌலவி, விரல்விட்டு ஆதாரங்களை எண்ணத் தொடங்கினார்.

ஊரையும் சொல்லிவிடவேண்டும். மாம்புரிக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்ற உப்பங்கழியுமாக நெருக்கிக்கொண்டிருக்கும் ஊர். உண்மைப் பெயரைச் சொன்னால் வழக்குக்கு வருவார்கள். முனை என்று வைத்துக்கொள்வோம். முனையின் காற்று பேர்போனது. வருடத்தில் பாதி கச்சான் என்ற தென்மேல் காற்று, மீதி வாடை. காற்றில்லாத நாளை நோன்புப் பிறை போல யாராவது கண்டு சாட்சி சொல்லவேண்டும். காலையில் பூனைபோல் படுத்திருக்கும் கடல், பிற்பகலில் காற்று எழும்பினால் ஆளே மாறிவிடும். அந்த நேரத்தில் வள்ளம் இறக்குகிறவன் ஒன்று பைத்தியக்காரன், இல்லை மாமியாரோடு சண்டை பிடித்தவன். போன வருடம் மீனவர் உசனார் கொடியில் காயப்போட்ட சாரம் கச்சானோடு கிளம்பி, களப்பைத் தாண்டி, புத்தளத்தில் ஒரு கலியாணப் பந்தலில் போய் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டு அன்பளிப்பு என்று அவர்கள் அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்கள். உசனார் கேட்கப் போனபோது, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

மௌலவி ஆய்வு செய்ய நினைத்தது இந்த ஊரைத்தான். ஏழு வருடத்துக்கு முன்பு, முனைப் பள்ளிக்கு அவர் கதீபாக, அதாவது வெள்ளிக்கிழமைப் பிரசங்கியாக, வந்தார். வெள்ளிக்கிழமை காலையில் முஸ்லிம் மீனவர் கடலுக்குப் போவதில்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வள்ளத்தை இறக்குவார்கள். கரை நெடுக அதுதான் வழக்கம். முனையிலும் முன்பு அப்படித்தானாம். மௌலவி குத்பா பிரசங்கம் செய்யத் தொடங்கிய நாளிலிருந்து முனையில் மட்டும் வெள்ளிக்கிழமை வள்ளம் இறங்குவதில்லை. பிரசங்கம் கேட்டவர்கள் பேசாமல் எழுந்து, பேசாமல் வீட்டுக்குப் போய், பேசாமல் படுத்துக்கொள்கிறார்கள். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஊரே ஒரு நாள் பிழைப்பை இறைவனுக்காக விட்டுக்கொடுக்கிறது! இதை உலகத்துக்குச் சொல்லாமல் மவுத்தாகிவிடக்கூடாது என்பதுதான் மௌலவியின் ஆசை. ஆய்வுத் தலைப்பும் அதுதான்: 'வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுத்த ஊர்.'

"ஜுமானாட வாப்பா, அதப்பத்தி நான் ஒண்டு சொல்லட்டா..." என்று மகளின் பெயரால் அவரை அழைத்துச் சுல்பா தொடங்கினாள்.

"ஒரே நிமிஷம் பொறு" என்றார் மௌலவி. அந்த நிமிஷம் முடிவதற்குள் குழம்பு ஆறிவிட்டது.

அடுத்த நாள் லுஹர் தொழுகை முடிந்ததும் ஹாஜியார் வீட்டுக்குப் போனார். சீனாவுக்குப் போயாவது கல்வியைத் தேடு என்பதில் தொடங்கி, ஏழு ஆதாரங்களை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கதிரையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ஹாஜியார், கல்வியெண்டது..." என்றார்.

"போய்ட்டு வாங்க ஹஸரத்" என்றார் நெய்னார் ஹாஜியார்.

மௌலவி திகைத்தார். "நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லையே?"

"ஊர்ல கதை வந்திட்டு. வெளிநாட்டுப் படிப்பு. எத்தின வருஷம்?"

"அஞ்சு."

"அஞ்சுதானா?" ஹாஜியாரின் முகம் கொஞ்சம் வாடியது. "கூட்டிக் கேக்க ஏலாதா?"

"ஹாஜியார், அது கிறிஸ்தவங்க தொடங்கின கல்லூரி."

"அவங்கட யேசு எங்களுக்கு ஈஸா நபிதானே."

"பொம்புளைகளும் படிப்பிக்கிறாங்க."

"எனக்கு உம்மாதான் ஓதித் தந்த."

"முற்போக்கு..."

"முன்னுக்குப் போறதுதானே? நல்லதுக்குத்தான் ஹஸரத். போங்க. முன்னுக்கே போங்க."

ஏழு ஆதாரங்களும் அப்படியே வாய்க்குள் இருக்க, மௌலவி வீட்டுக்கு வந்தார். பூட்டியிருக்கும் என்று நினைத்துத் தள்ளிய கதவு திறந்துகிடக்க, உள்ளே விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"இவ்வளவு சுகமாச் சம்மதிச்சாரா? ஹாஜியார்ட மருமகன் ஓதி முடிச்சு மௌலவியாகி வந்திரிக்காராம், தெரியுமா?" என்றாள் சுல்பா.

மௌலவிக்குச் சுருக்கென்றது. ஓகோ! அப்படியா விஷயம்? மிம்பர் மேடையை மருமகனுக்குக் காலி பண்ணிக் கொடுக்கத்தான் இந்தத் தாராளமா?

சோதித்துப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லார் காதிலும் விழும்படி அறிவித்தார்: "உங்கள எல்லாம் விட்டுட்டுப் போக மனசில்ல. ரெண்டாவது வழியில, இங்கயே இருந்து படிக்கலாமெண்டு பாக்கிறன்."

பள்ளிக்குள் ஊசி விழுந்தால் கேட்கும். உசனாரின் கையிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையே விழுந்தது.

அதன்பிறகு நடந்ததை மௌலவி எதிர்பார்க்கவில்லை. மறுநாள் காலையில் வாசலில் ஒரு பெரிய பயணப்பெட்டி நின்றது. பின்னால் உசனார் நின்றார்.

"ஹஸரத், இங்க இரிந்து படிக்கிறதெல்லாம் ஒரு படிப்பா? கரையில நிண்டு வலை வீசுற மாதிரி. ஆழத்துக்குப் போகணும்."

"உசனார் காக்கா, இந்தப் பெட்டி..."

"மகன் கட்டார்ல இரிந்து கொண்டு வந்த. சில்லு நல்லாச் சுத்துது. தள்ளிப் பாருங்க."

பின்னேரம் ஐஸ் லொறி றொமேஷ் வந்தான். சிலாபத்துக்காரன், கத்தோலிக்கன். தினமும் முனைக்கு வந்து மீன் ஏற்றிப்போகிறவன். இத்தாலியில் இருக்கிற மச்சான் விட்டுப்போன கம்பளிக் கோட் ஒன்றை இரண்டு கையிலும் ஏந்தி வந்தான்.

"மௌலவி ஐயா, அங்க குளிர் சும்மா இல்ல. ஐஸ் பெட்டிக்குள்ள குடியிருக்கிற மாதிரி. போட்டுப் பாருங்க."

முனை வெயிலில் மௌலவி கோட்டைப் போட்டுப் பார்த்தார். கழற்றுவதற்குள் சுல்பா இரண்டு தரம் முகத்தில் தண்ணீர் தெளிக்கவேண்டியிருந்தது.

பிறகு ஊர்ப் பெண்கள் வழிக்கு இனிப்பாகத் தொதல் கிண்டிக் கொடுத்தார்கள். ஒருவர் கருவாடு கட்டிக்கொடுத்தார். பள்ளியில் மௌலவியின் பயணத்துக்காக விசேட துஆப் பிரார்த்தனை நடந்தது; 'ஆமீன்' என்ற சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் கரைத்தீவுப் பக்கம் பறந்துபோய் இரண்டு நாள் திரும்பவில்லை.

அன்பு கூடக்கூட மௌலவிக்குச் சந்தேகமும் கூடியது. நேரே ஹாஜியாரிடம் போய்க் கேட்டே விட்டார்.

"ஹாஜியார், மறைக்காமச் சொல்லுங்க. என்ன அனுப்பிட்டு ஒங்கட மருமகன மிம்பர்ல ஏத்தப் பாக்கிறீங்களா?"

ஹாஜியார் விழுந்து விழுந்து சிரித்தார். "அவனா? ஹஸரத், அவன் தில்லையடியில போன் கடை போட்டிரிக்கான். மைக்கக் கண்டா அவன் வாசலத் தேடுவான். ஓதி முடிச்ச நாள் ஏறி மூணு வசனம் சொல்லிட்டு எறங்கிட்டான்."

"மூணே வசனமா?" என்றார் மௌலவி இரக்கத்தோடு.

"மூணே வசனம்" என்றார் ஹாஜியார். எங்கேயோ பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். "அல்லாஹ் அறிய, எனக்கு அப்படி ஒரு எண்ணமும் இல்ல. நீங்க போகணும், படிக்கணும். அவ்வளவுதான்."

இந்தப் பச்சை மனதையா சந்தேகப்பட்டோம்! வீட்டுக்குப் போய், அன்றே முதலாவது வழிக்கு விண்ணப்பித்தார்.

கல்லூரியோடு பேசும் நாள் வந்தது. அங்கே விடிகிற நேரம். இங்கே பின்னேரம், அஸர், மஃரிப் தொழுகைகளுக்கு இடையில். மத்ரஸா அறையில் கணினி. அலைவரிசை கிடைக்கவேண்டுமென்று போனை ஒரு துடுப்பின் நுனியில் கட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார்கள். மொழிபெயர்க்கப் பஹ்மிதா டீச்சர் வந்திருந்தார். ஆங்கிலத்தில் மூன்று சொல்லில் முடிவதை முப்பது சொல்லில் அலங்கரிக்கக்கூடியவர்.

திரையில் வெள்ளிக் கூந்தலோடு ஒரு பேராசிரியை தோன்றினார். பக்கத்தில் தாடிக்காரர் ஒருவர். முடிவு செய்யாதவர் அவர்தான் போலிருந்தது.

"இவருடைய பிரசங்கத்தை மக்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று கேக்கிறாங்க" என்றார் பஹ்மிதா.

உசனார் முன்னால் நகர்ந்தார். ஏழு வருடமாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல் இருந்தது. "ஒருத்தரும் அசையிறல்ல டீச்சர். ஜன்னலால, அந்தா, அந்தக் காத்தாடிக் கோபுரத்தப் பாத்துக்கிட்டே இரிப்பம். கரண்டு எடுக்கிற காத்தாடி. அது சுத்தத் தொடங்கினா எங்களுக்குக் கண்ணு கலங்கும்."

பஹ்மிதா மொழிபெயர்த்தார்: பெரும் சக்கரத்தைச் சுழற்றும் காணமுடியாத காற்றை அவர்கள் தியானிக்கிறார்கள், அழுகிறார்கள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பொறகு என்ன செய்வீங்க?" என்று அடுத்த கேள்வியைத் தமிழில் சொன்னார் பஹ்மிதா.

"வீட்டுக்குப் போய்ப் படுப்பம்."

"கடலுக்கு?"

"வெள்ளிக்கெழமயா? ஹஸரத் வந்த நாள்லயிருந்து ஒரு வள்ளமும் எறங்கினதில்ல. பொய்யெண்டா வள்ளத்தக் கேளுங்க."

திரையில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹாஜியார் இடையில் புகுந்தார். எரிகிற அடுப்பில் இன்னும் ஒரு விறகைச் சொருகினால் சோறு சீக்கிரம் வேகும் என்று நினைக்கிறவர் அவர்.

"இவர மாதிரி ஒருத்தர் எங்களுக்கு இனிக் கிடைக்கமாட்டார் எண்டு சொல்லுங்க டீச்சர். நாங்க துஆக் கேக்கிறதும் அதுக்குத்தான்... அதாவது, இவர் நல்லாப் படிக்கிறதுக்கு."

வேற்று மதத்தவர் ஒருவரின் கருத்து வேண்டுமென்றார்கள். றொமேஷைப் பிடித்துத் திரைக்கு முன்னால் தள்ளினார்கள். அவன் கற்பிட்டி ரோட்டில் நிற்கும் கழுதைபோலத் திரையை முறைத்துப் பார்த்தான்.

"எனக்கு மௌலவி ஐயாவோட ஒரு கோவமும் இல்ல. தங்கமான மனுசன். வெள்ளிக்கிழமை வெறும் லொறியோடதான் வீட்ட போறன். பழகிட்டுது."

"இவர் வெறுங்கையோடு திரும்புகிறார், மனம் நிறைந்திருக்கிறார்" என்று பஹ்மிதா ஆங்கிலத்தில் சொன்னார். முடிவு செய்யாத தாடிக்காரர் ஏதோ முடிவு செய்துவிட்டவர்போலத் தலையை ஆட்டினார்.

மௌலவி மூலையில் உட்கார்ந்து தோள் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் சுல்பாவிடம் சொன்னார்: "இப்படி ஒரு ஊர விட்டுட்டு எப்பிடிப் போறது, சுல்பா?"

"நீங்க காத்தாடிய ஒரு தரமாவது திரும்பிப் பாத்திரிந்தா..." என்று அவள் தொடங்கினாள்.

"ஒரே நிமிஷம்" என்றார் மௌலவி.

ஊர் பிரியாவிடை விருந்துக்கு நாள் குறித்துவிட்டது. முடிவு இன்னும் வரவில்லையே என்று மௌலவி சொல்லிப்பார்த்தார். "வரும் ஹஸரத், வராம எங்க போகும்?" என்று ஹாஜியார் இரண்டு ஆட்டுக்குச் சொல்லிவிட்டார். விருந்து ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்று விடிய, கல்லூரியிலிருந்து பதில் வந்தது. மௌலவி அதைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். சுல்பாவுக்குக்கூடச் சொல்லாமல் சட்டைப் பைக்குள் போனை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். இந்தச் செய்தியை ஊரோடு சேர்ந்துதான் கொண்டாடவேண்டும்! கடைசிப் பிரசங்கம் என்று எல்லாரும் நினைத்திருந்ததால், அன்றைக்கு இருந்த பொறுமை முனையின் வரலாற்றிலேயே இருந்ததில்லை. காற்றாடியைக்கூட யாரும் பார்க்கவில்லை.

தொழுகை முடிந்து, பள்ளி முற்றத்தில் பந்தல் போட்டு, சஹன் தட்டு ஒவ்வொன்றையும் சுற்றி ஆறு ஆறு பேராக உட்கார்ந்தார்கள். நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, அச்சாறு. பந்தலின் துணி காற்றில் படபடவென்று அடித்தது. வாசலில் றொமேஷின் லொறி. அதில் பளபளவென்று இரண்டு புது ஐஸ் பெட்டிகள். விருந்துக்குச் சர்பத் குளிர வைக்கத்தான், பாவம், பெட்டியும் வாங்கியிருக்கிறான் என்று மௌலவி நெகிழ்ந்தார்.

அவர் எழுந்து நின்றார்.

"சகோதரர்களே! புலமைப்பரிசில் கிடைச்சிட்டு. முழுச் செலவும் அவங்களே!"

"அல்லாஹு அக்பர்!" என்று பந்தல் அதிர்ந்தது. உசனார் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தார். அவர் கையில் இருந்த இறைச்சி உசனாரின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

"பொறுங்க, இனித்தான் சந்தோஷமான செய்தி. நீங்க சொன்னதெல்லாம் கேட்டு அவங்களுக்குத் தூக்கமே வரல்லையாம். 'இப்படிப்பட்ட மக்களிடமிருந்து உங்களைப் பிரிப்பது, கடலுக்கடியில் இருக்கிற பவளப்பாறையை வெட்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்குச் சமம்' எண்டு எழுதியிரிக்காங்க. அதனால எனக்காகவே புதுசா மூணாவது வழி ஒண்டு உண்டாக்கியிரிக்காங்க. நான் எங்கயும் போகல்ல! அஞ்சு வருஷமும் இங்கயே இருந்து, ஒவ்வொரு வெள்ளியும் நானே குத்பா ஓதி, அத அவங்களுக்கு அனுப்பணும். ஒரு வசனமும் குறைக்கக்கூடாதாம். தொழுகைக்குப் பொறகு அரை மணித்தியாலம் நாங்க எல்லாரும் உக்காந்து அதப்பத்திக் கதைக்கவும் வேணும்!"

நெய்னார் ஹாஜியாரின் கையில் இருந்த சோற்றுக் கவளம் வாய்க்கும் சஹனுக்கும் நடுவில் நின்றது. பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் சுல்பா இருமினாள். உசனாரின் இரண்டு கண்ணிலிருந்தும் தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது.

மௌலவி ஓடிப்போய் அவரை மார்போடு அணைத்துக்கொண்டார். "அழாதீங்க காக்கா! நான்தான் போகல்லையே!"

வாசலில் நின்ற றொமேஷ், புது ஐஸ் பெட்டியின் மூடியை மெதுவாக மூடிவிட்டுக் கேட்டான்:

"அப்ப ஹாஜியார், மௌலவி ஐயா போனதும் குத்பா காத்து எழும்ப முந்தி முடிஞ்சிரும், வெள்ளிக்கிழமையும் வள்ளம் எறங்கும், மீன் ஏத்த ரெண்டு பெட்டி வாங்கி வை எண்டு நீங்கதானே சொன்னீங்க?"